மேல்வீட்டுக் குளியலறையை உடைத்தபின்: ஒரு தவறான கசிவுக் கணிப்பும் அதற்கான கூலியும்

பின்னணி

கோலாலம்பூர், செந்தூல் பகுதியில் உள்ள ஐந்து மாடிக் குடியிருப்பு அது. லிஃப்ட் கிடையாது. கட்டி முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. ஜேஎம்பி எனப்படும் கூட்டு நிர்வாகக் குழுதான் அதைப் பராமரிக்கிறது. அந்தக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். இந்தச் சம்பவத்தில் நடந்த தவறுகளில் ஒன்று என்னுடையது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மூன்றாவது மாடி வீட்டில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை, அவர் கணவர், எஸ்பிஎம் எனப்படும் பள்ளி இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மகள். அவர்களுக்கு நேர் மேலே, நான்காவது மாடியில், மருத்துவமனையில் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற 71 வயது அம்மா ஒருவர். தனியாக இருக்கிறார், மகன் ஜொகூரில். இரண்டு வீட்டுக்கும் பதினைந்து வருடப் பழக்கம். தீபாவளிக்கு முறுக்கு மேலே போகும், அதிரசம் கீழே வரும்.

வேலை செய்தவர் கெப்போங் பக்கத்தைச் சேர்ந்த குத்தகையாளர் (கான்ட்ராக்டர்), ஐம்பது வயதுக்காரர். பிளம்பிங், டைல்ஸ், பெயிண்ட் எல்லாம் எடுத்துச் செய்வார். கோயில் திருவிழாவில் பழக்கமானவர். எங்கள் கட்டடத்தின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக் குழாயை ஒருமுறை சுத்தமாகச் சரிசெய்து கொடுத்தார். இவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அதனால்தான் இந்தச் சம்பவத்தை எழுத வேண்டும் என்று தோன்றியது. ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் என்ன செய்வதென்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

முதலில் கண்ணில் பட்டவை

ஜூலை மாதம் ஆசிரியை வீட்டுக் குளியலறையின் பிளாஸ்டர் சீலிங்கில் மஞ்சள் கறை தெரிந்தது. முதலில் உள்ளங்கை அளவு. ஆகஸ்ட் கடைசியில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. காலையில் தொட்டால் ஈரம், சில நாள் சொட்டும். கீழே வைத்த வாளியில் விடிவதற்குள் ஒரு டம்ளர் தண்ணீர் சேர்ந்துவிடும்.

அந்தச் சீலிங்குக்கு மேலேதான் மேல்வீட்டுக் குளியலறையின் தரைத் துவாரக் குழாய் தொங்குகிறது. மேல்வீட்டு அம்மா விடியற்காலை ஐந்து மணிக்குக் குளிப்பவர். காலையில்தான் கீழே ஈரம். கணக்கு நேராகப் பொருந்தியது.

ஆசிரியை எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். நான் பார்த்துவிட்டு, "மேல்வீட்டு பாத்ரூம்தான், வேற என்ன" என்று பதில் போட்டேன். நான் செய்திருக்க வேண்டியது வேறு. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015-இல் வந்த விதிமுறைகளில் மாடிக்கு மாடி கசிவதைப் பற்றித் தனிப் பகுதியே இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் நிர்வாகக் குழுவுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். குழு ஏழு நாட்களுக்குள் வந்து சோதித்து, காரணம் என்ன, யார் சரிசெய்ய வேண்டும் என்று சோதனைச் சான்றிதழ் தர வேண்டும். நான் அறிவிப்பும் கேட்கவில்லை, சோதனைக்கும் ஆள் அனுப்பவில்லை.

அதே விதிமுறைகளில் இன்னொரு வரி உண்டு. கீழ்வீட்டுச் சீலிங்கில் ஈரம் இருந்தால், வேறு விதமாக நிரூபிக்கப்படும்வரை, கோளாறு மேல்வீட்டிலோ பொது இடத்திலோ இருப்பதாகக் கொள்ளலாம் என்பது அது. எங்கள் குடியிருப்பில் பலருக்கும் இதில் முதல் பாதி மட்டும்தான் மனப்பாடம். "நிரூபிக்கப்படும்வரை" என்ற பாதியை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

உடைப்பது என்று எடுத்த முடிவு

செப்டம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குத்தகையாளர் வந்தார். கறையைப் பார்த்தார், விரலால் தட்டினார். மேலே போய் அந்த அம்மாவின் குளியலறைத் தரையைப் பார்த்தார். டைல்ஸ் இடுக்குகளில் சிமெண்டு அரித்துப் போயிருந்தது. மொத்தம் பத்து நிமிடம் இருக்கும்.

"டீச்சர், முப்பது வருஷ பில்டிங். அந்தக் காலத்து வாட்டர்புரூஃப் எல்லாம் செத்துப் போயிருக்கும். தரையை உடைச்சுப் புதுசா போட்டாத்தான் நிக்கும்."

4,200 ரிங்கிட் என்றார். அரைப் பக்கக் காகிதத்தில் கையால் எழுதிக் கொடுத்தார். தலைப்பு, "பாத்ரூம் லீக் ரிப்பேர்". இந்தத் தலைப்பு பின்னால் முக்கியமானது.

அவர் சொன்னது பொய்யில்லை. முப்பது வருடக் குளியலறைகளில் நீர்த்தடுப்புப் பூச்சு போய்விடுவது மிகச் சாதாரணம். பத்துக் கசிவில் பெரும்பாலானவற்றை அவர் அப்படித்தான் பார்த்திருப்பார். ஆனால் சீலிங்கில் ஓட்டை போட்டு உள்ளே பார்க்கவில்லை. மேல்வீட்டுத் தரையில் தண்ணீரைக் கட்டி வைத்துப் பார்க்கவில்லை. சீலிங்குக்குள் வேறு என்ன குழாய் ஓடுகிறது என்று கேட்கவில்லை. வீட்டுக்காரர்களும் அதைச் சொல்லவில்லை. தீபாவளிக்கு முன் முடித்துக் கொடுங்கள் என்று அவசரப்படுத்தியதும் அவர்கள்தான்.

பணத்தை ஆளுக்குப் பாதி போடுவதாகப் பேசினார்கள். முன்பணம் 2,100-ஐ ஆசிரியை குடும்பம் கொடுத்தது. மீதி 2,100-ஐ வேலை முடிந்ததும் மேல்வீட்டு அம்மா கொடுப்பதாக ஏற்றுக்கொண்டார். அவருக்கு ஓய்வூதியம்தான் வருமானம். "என் வீட்டுத் தண்ணியால பிள்ளைங்க கஷ்டப்படக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

வேலை நடந்த எட்டு நாட்கள்

இரண்டு தொழிலாளர்கள் இரண்டு நாள் உடைத்தார்கள். பழைய டைல்ஸ் பச்சைப் பூப்போட்டவை, அம்மாவின் கணவர் இருந்தபோது தேடி வாங்கியவை. மூட்டை மூட்டையாகக் கீழே இறங்கின. பிறகு சிமெண்டு பூசி, நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை அடித்து, காயவிட்டு, துவாரத்தை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டிச் சோதித்து, புது டைல்ஸ் ஒட்டினார்கள். அந்தத் தண்ணீர் கட்டும் சோதனையை அவர் முறையாகச் செய்தார். அதே சோதனையை உடைப்பதற்கு முன்னால் செய்திருந்தால் செலவு ஒரு நாளும் நாலு வாளித் தண்ணீரும்தான்.

அந்த எட்டு நாளும் 71 வயது அம்மா வாளியும் துண்டும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி ஆசிரியை வீட்டில் குளித்தார், மறுபடி ஏறினார். மழையில் நடைக்கூடம் வழுக்கும். ஒரு நாள் கைப்பிடியைப் பிடித்துச் சமாளித்தார்.

இந்த நாட்களில் மிக முக்கியமான ஒன்று எல்லோர் கண் முன்னாலும் நடந்தது. மேலே குளியலறை உடைந்து, குழாய் அடைக்கப்பட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் புழங்காத நாட்களிலும் கீழே காலையில் சீலிங் ஈரமாக இருந்தது. மகள்தான் கவனித்தாள். "அங்கிள், மேலே தண்ணியே இல்லையே, எப்படி சொட்டுது?" என்று கேட்டிருக்கிறாள். கான்கிரீட்டில் ஊறிய பழைய தண்ணீர் வடிகிறது, இரண்டு வாரத்தில் நின்றுவிடும் என்று அவர் சொன்னார். ஊறிய கான்கிரீட் அப்படி வடியும் என்பதும் உண்மைதான். எல்லோரும் நம்பினோம். சரியான கேள்வியைக் கேட்டது பதினேழு வயதுப் பெண். அவளைத் தவிர நாங்கள் எல்லோரும் பதிலில் திருப்தி அடைந்துவிட்டோம்.

பிறகு ஈரம் நிஜமாகவே நின்றது. மேல்வீட்டு அம்மா மகிழ்ந்து 1,000 ரிங்கிட் கொடுத்தார். மீதி 1,100-ஐ அடுத்த மாதம் தருவதாகச் சொன்னார்.

கறை திரும்பியது

ஈரம் நின்ற அந்தப் பத்து நாளும் மகள் கிள்ளானில் பாட்டி வீட்டில் இருந்தாள். அவள் திரும்பிய மூன்றாம் நாள் சீலிங் மறுபடி சொட்டியது. அப்போது இந்த இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

இந்த முறை ஆசிரியையை எழுத்தில் புகார் கொடுக்கச் சொன்னேன். கூடவே, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எப்போது ஈரம், எப்போது காய்கிறது என்று குறிக்கச் சொன்னேன். ஆசிரியை அல்லவா, கட்டம் போட்டே எழுதியிருந்தார். இரவு பதினொன்றுக்கு லேசான ஈரம். மூன்று மணிக்குச் சொட்டு. காலை ஏழுக்கு உச்சம். மாலை ஆறுக்குள் காய்ந்துவிடும். இரவு பதினொன்றுக்கும் மூன்றுக்கும் மேல்வீட்டு அம்மா தூங்கிக்கொண்டிருப்பார்.

அந்த வாரக் கடைசியில் அம்மா ஜொகூருக்கு மகனைப் பார்க்கப் போனார். போகும்போது வீட்டின் பிரதானத் தண்ணீர்க் குழாயை மூடச் சொன்னோம். இரண்டு இரவும் கீழே அதே நேரத்தில் அதே ஈரம். கீழ்த்தளத்தில் அவர் மீட்டர் அசையவே இல்லை.

ஓட்டை போட்டுப் பார்த்தபோது

திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு, குத்தகையாளரையும் வரவழைத்து, சீலிங்கில் ஓரடிக்கு ஓரடி வெட்டினோம். டார்ச் அடித்ததும் பதில் தெரிந்தது.

மேல்வீட்டுத் துவாரக் குழாய் காய்ந்து தூசியோடு இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஏர்கோன் (ஏசி) செப்புக்குழாய்கள். மகள் அறையின் ஏர்கோனிலிருந்து குளியலறைச் சீலிங் வழியாக வெளிச்சுவருக்குப் போகின்றன. அவற்றைச் சுற்றியிருந்த கறுப்பு ரப்பர் உறை கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு நைந்து பிய்ந்திருந்தது. வெறும் செம்பில் வரிசையாகத் தண்ணீர் முத்துகள். ஒவ்வொன்றாக உருண்டு சீலிங்கில் விழுந்தன.

ஏர்கோன் ஓடும்போது அந்தக் குழாய் 10 டிகிரிக்குக் கீழேகூடப் போகும். நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரப்பதம் அதிகம். 23, 24 டிகிரிக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் அது தண்ணீராகிவிடும். தே ஐஸ் (ஐஸ் போட்ட தேநீர்) டம்ளர் வெளியே வியர்ப்பது இதனால்தான். டம்ளர் ஓட்டையென்று யாரும் நினைப்பதில்லை.

மகள் ஜூலையிலிருந்துதான் இரவு முழுக்க ஏர்கோன் போட்டுப் படித்தாள். கறையும் ஜூலையில் வந்தது. அவள் கிள்ளான் போனபோது நின்றது, வந்ததும் வந்தது. பழைய உறையை எடுத்துப் புதிய, தடித்த உறை போட ஏர்கோன் பழுதுபார்ப்பவர் 180 ரிங்கிட் வாங்கினார். அன்றிலிருந்து சீலிங் காய்ந்தே இருக்கிறது.

குத்தகையாளர் ஏணியிலிருந்து இறங்கி, கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் நின்றார்.

கூலி பற்றிய பேச்சு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிர்வாக அலுவலகத்தில் உட்கார்ந்தோம். குத்தகையாளருக்கு 3,100 போயிருந்தது, 1,100 பாக்கி.

ஆசிரியையின் கணவர் முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்டார். குத்தகையாளர் பாக்கியைக் கேட்டார். "பொருள் வாங்கியாச்சு, பசங்களுக்குக் கூலி கொடுத்தாச்சு. வேலையில குறை இருந்தா சொல்லுங்க அண்ணே."

"வேலையில குறை இல்லண்ணே," என்றார் ஆசிரியை. "அந்த வேலையே தேவைப்படல."

"டாக்டர் தப்பா சொன்னாலும் காசு கொடுத்துட்டுத்தானே வர்றோம்?"

"டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துட்டுத் தப்பா சொன்னா அது வேற," என்றார் கணவர். "பார்க்காமலே வயித்தைக் கிழிச்சா?"

எனக்கு அந்தப் பதில் சரியாகப் பட்டது. தொழில் தெரிந்தவர் தவறக்கூடாது என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. சீலிங்கைத் திறந்து, தண்ணீர் கட்டிப் பார்த்து, அதன் பிறகும் தவறாகச் சொல்லியிருந்தால் முழுக் கூலியும் கொடுக்க வேண்டும் என்றுதான் நான் பேசியிருப்பேன். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் (நுகர்வோர்) பாதுகாப்புச் சட்டமும் இதைத்தான் அளவுகோலாக வைக்கிறது: சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். திறமை இருந்தது. தேவையான கவனம் முதல் பத்து நிமிடத்தில் இல்லை. இன்னொன்று, எந்த நோக்கத்துக்காக வேலை என்று வாடிக்கையாளர் தெரிவித்தாரோ அந்த நோக்கத்துக்கு அது உதவ வேண்டும். அவர் கையால் எழுதிய தலைப்பு "லீக் ரிப்பேர்". "தரை மாற்றுவது" என்று எழுதியிருந்தால் அவர் பக்கம் பலம் கூடியிருக்கும்.

அவர் மறுத்திருந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வக்கீல் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது. இதை அவர் முன்னாலேயே சொன்னோம், மிரட்டலாக இல்லாமல். மேல்வீட்டு அம்மாவுக்கு அங்கே போக விருப்பமில்லை. "கோயில்ல முகத்தைப் பார்க்கணும்" என்றார்.

ஆனால் முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்பதும் எனக்கு நியாயமாகப் படவில்லை. ஏர்கோன் குழாய் அங்கே போகிறது என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியும்; சொல்லவில்லை. அவசரப்படுத்தினார்கள். நான் குழு உறுப்பினராக இருந்துகொண்டு படத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொன்னேன். நான்கு பேர் சேர்ந்து செய்த தவறை ஒருவர் தலையில் கட்டக்கூடாது. அன்று கூட்டத்தில் இதைச் சொன்னபோது கணவருக்கு என்மேல் கோபம் வந்தது, அது புரிந்துகொள்ளக்கூடியதே.

தீர்வு

பில்களை எடுத்துவரச் சொன்னோம். பொருள் 1,450. இரண்டு தொழிலாளர்களுக்கு ஆறு நாள் கூலி, நாளுக்கு ஆளுக்கு 90 வீதம், 1,080. ஆக 2,530. அந்தத் தொழிலாளர்கள் சொன்ன வேலையைச் செய்தவர்கள். அவர்கள் கூலியில் கைவைக்கும் எண்ணம் யாருக்கும் இல்லை. வந்துபோன செலவுக்கு 70 சேர்த்து 2,600 அவருக்கு. தன் இலாபத்தையும் சொந்த உழைப்புக்கான பங்கையும் அவர் விட்டுக்கொடுத்தார். பாக்கி 1,100 ரத்து. 500-ஐத் திருப்பித் தந்தார்.

கணிப்புக்கென்று எதுவும் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

அந்த 2,600-ஐ யார் ஏற்பது என்பதில் பேச்சே வேண்டியிருக்கவில்லை. ஆசிரியை தான் ஏற்பதாகச் சொல்லிவிட்டார். குத்தகையாளர் தந்த 500-உடன் தன் கையிலிருந்து 500 சேர்த்து, மேல்வீட்டு அம்மாவிடம் 1,000-ஐ வைத்தார். "புது டைல்ஸ் எனக்குத்தானே கிடைச்சிருக்கு" என்று அம்மா வாங்க மறுத்தார். அவர் கேட்டு வந்த டைல்ஸ் இல்லையே அது. இரண்டு நாள் கழித்து மகள் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் வாங்கிக்கொண்டார். பச்சைப் பூ டைல்ஸில் உடையாத ஒன்றைக் குத்தகையாளர் எடுத்து வைத்திருந்தார். அதைக் கழுவிக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். இப்போது அது அம்மா வீட்டு துளசிச் செடித் தொட்டிக்கு அடியில் இருக்கிறது.

மறுபடி நடந்தால் எப்படிச் செய்வோம்

எழுத்து அறிவிப்பு வராமல் கசிவைப் பற்றி நான் இப்போது கருத்தே சொல்வதில்லை. நிர்வாகக் குழு ஒரு தாள் அச்சடித்து வைத்திருக்கிறது: ஏழு நாள், மணிவாரியாக, ஈரமா காய்ந்ததா, ஏர்கோன் ஓடியதா, மழையா, மேலே புழக்கம் இருந்ததா. இந்தத் தாளுக்குச் செலவே இல்லை.

அடுத்து, உடைப்பதற்கு முன் சீலிங்கைத் திறப்பது. ஒரு சதுர அடி பிளாஸ்டரை மறுபடி அடைக்க ஆகும் செலவு, தரையை உடைக்கும் செலவோடு பார்த்தால் ஒன்றுமில்லை. மேல்வீட்டுத் துவாரத்தை அடைத்து, கேசரிப் பவுடர் கரைத்த தண்ணீரை ஒரு நாள் கட்டிவைத்தால், கீழே வருவது அந்தத் தண்ணீரா என்று நிறமே சொல்லிவிடும். அழுத்தக் குழாயில் (வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாயில்) சந்தேகம் என்றால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்க்க வேண்டும்.

பணத்தில் நாங்கள் மாற்றியது இதுதான்: கண்டுபிடிப்பதற்குத் தனிக் கூலி, சரிசெய்வதற்குத் தனிக் கூலி. "பார்க்கிறதுக்குக் காசா?" என்று நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள். பார்ப்பதற்குக் காசு கொடுக்காததால்தான் அவர் பத்து நிமிடம் பார்த்தார். அவருக்கு வருமானம் உடைப்பதில் மட்டும்தான் இருந்தது. என்ன சோதித்தார், என்ன கண்டார் என்று எழுதி வாங்கிக்கொண்டு கண்டுபிடிப்புக் கூலியைக் கொடுத்துவிடுகிறோம், வேலையை அவருக்கே கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். சரிசெய்யும் வேலையில் கடைசித் தவணையை, முடிந்து மூன்று வாரம் புழங்கிப் பார்த்த பிறகே தருகிறோம். அந்த மூன்று வாரமும் வீடு எப்போதும்போல் இயங்க வேண்டும், பிள்ளைகள் ஊருக்குப் போயிருக்கக் கூடாது.

பின்னர்

மார்ச் மாதம் அடுத்த கட்டடத்தில் ஒரு வீட்டுச் சீலிங்கில் கறை. இரண்டு வீட்டாரும் முதல் நாளே சண்டைக்கு நின்றார்கள். அதே குத்தகையாளரைத்தான் கூப்பிட்டோம். கண்டுபிடிக்க 120 ரிங்கிட் என்று முதலிலேயே சொன்னார். தாளை வாங்கிப் படித்தார், ஏர்கோன் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டார், சீலிங்கை வெட்டினார், மேலே கேசரிப் பவுடர் தண்ணீர் கட்டினார். ஒன்பது மணி நேரத்தில் கீழே துவாரக் குழாயின் கழுத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு துளி திரண்டது. மேல்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஏணியில் ஏற்றிக் காட்டினார். சண்டை அங்கேயே நின்றது. 120 ரிங்கிட்டை இரண்டு வீட்டாரும் பாதிப் பாதியாக அன்று மாலையே கொடுத்தார்கள்.